மளிகை எங்கே வாங்குவது?

(நாகபுரியில் தமிழ்ச் சங்க ஆண்டு விழாவின்போது நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நம் மரபு. சிலம்பின் சிறப்பையும் குறளின் நுட்பத்தையும் எடுத்துரைக்க அறிஞர் பலர் இங்கே வந்துள்ளனர். எனக்கு ஒதுக்கப்பெற்ற பொருளோ அடுக்களையைச் சார்ந்தது. இந்நகரில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்று தனக்கு வேண்டும் மளிகைப் பண்டங்களை எங்கே வாங்குவது என்பதே அது. இதற்கு ஒரு சொற்பொழிவு வேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். வேண்டும் என்பதே என் கருத்து. மாதந்தோறும் நம் வருவாயில் ஒரு பெரும் பகுதி செல்லும் வழி இது. அதுமட்டுமன்று, அயலூரில் நாம் எவ்வாறு வேர் ஊன்றுகிறோம் என்பதும் இதனோடு பிணைந்து கிடக்கின்றது.

தாயகத்தை விட்டு வந்த குடும்பம் வாடகைக்கு வீடு பிடித்துப் பெட்டி படுக்கைகளை இறக்கிய மறுநாள் காலையிலேயே, 'அரிசி எங்கே கிடைக்கும்? பருப்பு எங்கே நன்றாயிருக்கும்?' என்னும் கேள்வி எழுந்துவிடுகின்றது. சொந்த ஊரில் இக்கேள்விக்கு இடமே இல்லை. பாட்டனார் காலத்திலிருந்து பற்று வைத்திருக்கும் கடை ஒன்று இருக்கும். சிறு பிள்ளையை அனுப்பினாலும், இன்னார் வீட்டுப் பிள்ளை என்று கண்டு, கடைக்காரர் நல்ல பொருளாகவே கட்டிக் கொடுப்பார். இங்கே நம்மை அறிந்தவர் இலர். நாமும் எவரையும் அறியோம். மொழி புதிது, பண்டங்களின் பெயர் புதிது, அளவையின் பெயரும் புதிது. 'பாவ்' என்றால் கால் கிலோ, 'ஆதா பாவ்' என்றால் அதிற் பாதி என்று தெளிவதற்கே சில நாட்கள் ஆகின்றன.

நாகபுரி மும்பையைப் போன்ற மாபெரு நகரமன்று. எல்லாரும் எல்லாரையும் அறிந்த சிற்றூருமன்று. 2011ஆம் ஆண்டு மக்கள் கணக்கின்படி ஏறத்தாழ 24 இலட்சம் மக்கள் வாழும் ஊர். இவ்வளவினதாகிய நகரத்தில் ஒரு தனி வசதி உண்டு. மொத்த வணிகர் தெருவும், காய்கறிச் சந்தையும், தெருமுனைக் கடையும், குளிரூட்டிய பேரங்காடியும் ஒரே குடும்பத்திற்கு எட்டும் தொலைவில் அமைந்திருக்கின்றன. வசதி மிகுந்தமையாலேயே தேர்வு கடினமாகின்றது.

அங்காடியைத் தெரிந்து வாங்குவது தமிழர்க்குப் புதிதன்று. பகலில் கூடுவதை நாளங்காடி என்றும் இரவில் கூடுவதை அல்லங்காடி என்றும் பிரித்துப் பெயரிட்டவர் நம் முன்னோர். மதுரையின் அங்காடிகளை மதுரைக்காஞ்சி விரித்துரைக்கின்றது. புகார் நகரத்தில் மருவூர்ப்பாக்கத்திற்கும் பட்டினப்பாக்கத்திற்கும் இடையே நாளங்காடி இருந்ததைச் சிலப்பதிகாரத்தால் அறிகிறோம். நம் முன்னோர் பொழுதால் அங்காடிக்குப் பெயரிட்டனர். இந்நகரத்தார் கிழமையால் பெயரிட்டனர். இத்வாரி என்பது ஞாயிற்றுக்கிழமையைக் குறிக்கும். மங்கள்வாரி செவ்வாய், புத்வாரி புதன், சுக்ரவாரி வெள்ளி, சனிவாரி சனி. இன்று இவை நகரின் பகுதிகளுக்குப் பெயராய் நிற்கின்றன. வாரச் சந்தையைச் சுற்றி ஊர் வளர்ந்த வரலாற்றை இப்பெயர்களே நமக்குச் சொல்லிவிடுகின்றன.

இனி, கடைகளை வகைப்படுத்திப் பார்ப்போம்.

முதலாவது, இத்வாரியின் மொத்தக் கடைத்தெரு. மஸ்காசாத் பகுதியிலும் அதனை அடுத்த சந்துகளிலும் தானியம், பருப்பு, மிளகாய், வாசனைப் பொருள் ஆகியவை மூட்டை மூட்டையாகக் கைமாறுகின்றன. களமனாவில் இருக்கும் விளைபொருள் விற்பனைக் கூடத்திற்கு உழவர்களின் சரக்கு வந்து இறங்குகின்றது. களமனாவில் ஒரு குடும்பத்திற்கு வேண்டிய அளவு வாங்குவது எளிதன்று. இத்வாரியில் அவ்வாறில்லை, பத்துக் கிலோ கேட்பவரையும் மதித்துக் கொடுக்கும் கடைகள் உள்ளன.

இங்கே ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, இத்வாரியில் துவரம்பருப்பு கிலோவிற்கு 10 ரூபாய் மலிவு என்று கொள்வோம். ஐந்து கிலோ வாங்குபவர்க்கு மிச்சம் 50 ரூபாய். போக வர ஆட்டோவிற்கு 150 ரூபாய் கொடுத்துவிட்டு, மலிவாக வாங்கினேன் என்று மகிழ்பவரை என்னென்பது! அதே தெருவில், நான்கு குடும்பத்தார் ஒன்று கூடி, ஒவ்வொருவரும் ஆண்டிற்கு வேண்டிய 100 கிலோ கோதுமையும் 25 கிலோ பருப்பும் வாங்கினால், கிலோவிற்கு 6 ரூபாய் குறைந்தாலும் குடும்பத்திற்கு 750 ரூபாய் மிஞ்சும். வண்டிக் கூலியும் நான்காகப் பங்கிடப்படும். மொத்தக் கடை மொத்தமாக வாங்குபவர்க்கே பயன் தரும் என்பதை மறத்தலாகாது.

மொத்தமாக வாங்குவதற்குக் காலமும் அறிதல் வேண்டும். விதர்ப்பத்தில் புதிய துவரை டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சந்தைக்கு வரும். கோதுமை மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் வரும். இப்பகுதி மக்கள் கோடையின் தொடக்கத்தில் ஆண்டுக்கு வேண்டிய கோதுமையை ஒருசேர வாங்கி, வெயிலில் உலர்த்திக் கலங்களில் அடைத்து வைப்பது வழக்கம். துவரைக்குச் செம்மண் கட்டி வைக்கும் நம் நாட்டு வழக்கத்தை அறிந்த தாய்மார்கள் இதனை எளிதில் உணர்வர். மழைக் காலத்தில் வண்டு விழும் என்ற அச்சத்தால் பலர் இதனைக் கைவிட்டுவிட்டனர். வைப்பதற்கு இடமும் உலர்த்துவதற்கு மொட்டை மாடியும் இல்லாதவர் கைவிடுவதே முறை. அவ்விரண்டும் உடையவர் மீண்டும் தொடங்கலாம்.

இரண்டாவது, காய்கறிச் சந்தை. மகாத்மா புலே பெயரால் வழங்கும் காட்டன் மார்க்கெட்டுச் சந்தையும், கோகுல்பேட் சந்தையும், ஆங்காங்கே கூடும் வாரச் சந்தைகளும் நீங்கள் அறிந்தவை. நாகபுரியின் கோடை எத்தகையது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. வெப்பம் 45 பாகையைத் தொடும் நாட்களில் காலை பத்து மணிக்கு மேல் கீரை வாங்குபவர் வாடிய கீரையையே வாங்குகிறார். காய்கறிக்குக் கடையைவிடப் பொழுதே முதன்மையானது. விடியலில் சென்றால் நல்ல சரக்கு. அந்தி கழிந்து சென்றால் மலிந்த விலை. எது வேண்டும் என்பதை அவரவர் குடும்ப நிலை உறுதி செய்யும்.

மூன்றாவது, பேரங்காடி. இங்கே நாமே பொருளை எடுத்துக் கூடையில் இட்டுக்கொள்ளலாம். பேரம் பேச வேண்டுவதில்லை. மொழி தெரியாவிடினும் குறைவில்லை. புதிதாக வந்தவர்க்கு இது பெரிய ஆறுதல். எண்ணெய், சவர்க்காரம், பொட்டலத்தில் அடைத்த பண்டங்கள் ஆகியவை இங்கே பல சமயங்களில் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. ஆயினும் விழிப்புத் தேவை. 2021ஆம் ஆண்டில் வெளியான பொட்டலப் பண்டங்களின் விதித் திருத்தத்தின் பயனாக, முன்பு குறிப்பிட்ட சில பண்டங்களை இன்ன இன்ன எடையில்தான் அடைக்க வேண்டும் என்றிருந்த கட்டுப்பாடு நீங்கிற்று. அதற்கு ஈடாக, ஒரு கிராமிற்கு அல்லது ஒரு கிலோவிற்கு என்ன விலை என்பதையும் பொட்டலத்தின் மீது அச்சிட வேண்டும் என்று விதிக்கப்பட்டது. ஒரு நிறுவனம் 900 கிராமும், மற்றொன்று 850 கிராமும் அடைத்துத் தோற்றத்தில் ஒன்றுபோல் காட்டும்போது, இந்தச் சிறிய எழுத்தே நமக்குத் துணை. பெரிய எழுத்தில் உள்ள விலையை மட்டும் படித்து வீடு திரும்புபவர் ஏமாறக் கூடும். அச்சிட்ட உச்ச விலை என்பது கடைக்காரர் அதற்கு மேல் வாங்கலாகாது என்னும் வரம்பேயாகும். அதற்குக் குறைத்துக் கொடுப்பதை எச்சட்டமும் தடுக்கவில்லை.

நான்காவது, கைப்பேசி வழியே வாங்குதல். சில நிமிடங்களில் பொருள் வாயிலுக்கு வந்து நிற்கின்றது. நோயுற்றோர்க்கும், குழந்தையைத் தனியே விட்டுச் செல்ல இயலாத தாய்க்கும், இரவில் பணி முடிந்து திரும்புபவர்க்கும் இது நல்ல உதவி. இதனை வெறுத்துப் பேசுவது என் நோக்கமன்று. ஆனால் பொருளின் விலையோடு கொண்டுவரும் கூலி, கையாளும் கூலி எனப் பலவும் இறுதியில் வந்து சேர்கின்றன. இத்தகைய மறைமுக உத்திகள் 13 வகையின என்று வகுத்து, அவற்றைத் தடுக்கும் நெறிமுறைகளை மைய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்டது. கேளாத பொருளைக் கூடையில் நுழைப்பதும், விலையைத் துளித்துளியாகக் கூட்டிக் கொண்டே போவதும் அவற்றுள் அடங்கும். பணம் செலுத்துமுன் இறுதித் தொகையைப் படித்துப் பார்ப்பவர்க்குப் பெரும்பாலும் இழப்பில்லை.

ஐந்தாவது, நம் நாட்டுப் பொருள் விற்கும் கடை. இட்டிலி அரிசி, நல்லெண்ணெய், அப்பளம், வடகம், குழம்புப் பொடி, நம் ஊர் வார இதழ் முதலியவை கிடைக்கும் இடம். இக்கடைக்குள் நுழைந்தாலே ஊர் மணம் வீசும். நம் மொழியில் இரண்டு சொற்கள் பேசலாம். இவர்களை ஆதரிப்பது நம் கடமை. ஆனால் எல்லாப் பொருளையும் இங்கேயே வாங்க வேண்டும், அன்றி ஊரிலிருந்தே தருவிக்க வேண்டும் என்று எண்ணுவோர் நம்மிடையே உளர். இவர்களோடு நான் சிறிது வாதிட விரும்புகிறேன்.

நாம் வந்து வாழும் நாடு யாது? விதர்ப்ப நாடு. தமயந்தி பிறந்த நாடு. சமையற்கலைக்கே உவமையாக நிற்கும் நளன் இந்நாட்டு மருமகன்! நளபாகத்திற்கு உரியவன் பெண் கொண்ட நாட்டில் இருந்துகொண்டு, இந்நாட்டு விளைபொருளை நாம் அறியாதிருப்பது முறையாகுமா? துவரை இங்கே விளைகின்றது. அகோலாப் பகுதியில் பருப்பு ஆலைகள் மிகுதி. நாகபுரி மாவட்டத்துப் பிவாபூர் மிளகாயும், வார்தா மாவட்டத்து வாய்காவ் மஞ்சளும் புவிசார் குறியீடு பெற்றவை. கோந்தியாவும் பண்டாராவும் நெல் விளையும் நிலம். இவ்வளவும் அருகிருக்க, துவரம்பருப்பை ஊரிலிருந்து தொடர்வண்டியில் சுமந்து வருவோரை நான் கண்டிருக்கிறேன். அப்பருப்பே விதர்ப்பத்தில் விளைந்து, தமிழகம் சென்று, மீண்டும் இங்கே வந்ததாகவும் இருக்கலாம் அன்றோ?

அரிசியைப் பற்றி ஒரு செய்தி சொல்ல வேண்டும். இந்நகரக் கடைகளில் 'எச்.எம்.டி.' என்னும் அரிசியை நீங்கள் கேட்டு வாங்கியிருப்பீர்கள். அதனைக் கண்டறிந்தவர் பெரிய ஆய்வுக்கூடத்து அறிவியலார் அல்லர். சந்திரபூர் மாவட்டத்து நாந்தேட் என்னும் சிற்றூரில் வாழ்ந்த தாதாஜி கோப்ரகடே என்னும் சிறு உழவர் அவர். தம் வயலில் வேறுபட்டுத் தோன்றிய கதிர்களைப் பிரித்து விதைத்து, ஆண்டுக்கணக்கில் தேர்ந்து, 1980களில் இந்நெல்லை உருவாக்கினார். அந்நாளில் புகழ் பெற்றிருந்த கைக்கடிகாரத்தின் பெயர் இந்நெல்லுக்கு வழங்கலாயிற்று. அவர் 2018இல் மறைந்தார். நம் அன்றாடச் சோற்றில் அவ்வுழவரின் உழைப்பு இருக்கின்றது. இதனை நமக்கு எந்தப் பொட்டலமும் சொல்லாது. அரிசிக் கடைக்காரரிடம் நின்று பேசினால் இவை போன்ற செய்திகள் தாமே வரும்.

இனி, ஆறாவதும் இறுதியுமாகிய தெருமுனைக் கடைக்கு வருகிறேன். இங்கே அதனைக் கிராணாக் கடை என்பர். நம் நாட்டில் அண்ணாச்சி கடை என்போம். இதன் குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். சில பொருள்களுக்கு விலை சற்று மிகுதி. சரக்கு எப்போதும் புதியதாக இராது. எடையில் ஐயம் எழுவதும் உண்டு. ஆனால் இவற்றுக்கெல்லாம் பரிகாரம் இருக்கின்றது. மின்னணுத் தராசு ஆண்டுதோறும் சோதிக்கப்பெற்று முத்திரை இடப்பட வேண்டும் என்பது விதி. அம்முத்திரையைப் பார்ப்பதும், தட்டு வெறுமையாக இருக்கும்போது எண் சுழியத்தில் நிற்கின்றதா என்று நோக்குவதும் நம் உரிமை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முதலில் 1986இல் வந்தது. 2019இல் இயற்றிய புதிய சட்டம் 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. முறையீட்டிற்கு 1915 என்னும் தொலைபேசி எண்ணும் இருக்கின்றது. இவை எல்லாக் கடைகளுக்கும் பொது.

தரத்தைப் பற்றியும் இரு எச்சரிக்கைகள். எண்ணெயை எக்காரணத்தாலும் திறந்த கலத்திலிருந்து அளந்து வாங்காதீர்கள். 1998இல் தில்லியில் கடுகெண்ணெயில் பிரமதண்டு விதையின் எண்ணெய் கலந்தமையால் 60க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அடைத்த கலத்தில், 14 இலக்க உணவு உரிம எண் இருப்பதைப் பார்த்து வாங்குவதே அறிவுடைமை. அவ்வாறே, அளவிறந்த மஞ்சளும் பளபளப்பும் உடைய துவரம்பருப்பைக் கண்டு மயங்காதீர்கள். மத்திய இந்தியாவில் விளையும் கேசரிப் பருப்பைத் துவரையோடு கலப்பது பழைய தீமை. அதனை நெடுநாள் மிகுதியாக உண்டால் கால்கள் முடங்கும். அதனால் 1961இல் அதன் விற்பனைக்குத் தடை விதிக்கப்பட்டது. உருண்டையான துவரைக்கிடையே ஆப்பு வடிவில் சரிந்த பருப்புக் கண்டால் ஐயுறுக. நம்மை நெடுநாள் அறிந்த கடைக்காரர் இத்தகைய சரக்கை நமக்குத் தரத் தயங்குவார். நாளையும் நாம் அதே தெருவில் அவர் முன்னே நிற்போம் என்பது அவர்க்குத் தெரியும்.

நான் சொல்ல வந்ததன் உயிர்நிலை இதுவே. பண்டம் வாங்கும்போது நாம் மூன்று கணக்குகளைப் பார்த்தல் வேண்டும். ஒன்று பணத்தின் கணக்கு. மற்றொன்று பொழுதின் கணக்கு. மூன்றாவது உறவின் கணக்கு. முதற் கணக்கை எல்லாரும் பார்க்கின்றனர். இரண்டாவதை இளைஞர்கள் பார்க்கின்றனர். மூன்றாவதை ஏறத்தாழ எவரும் பார்ப்பதில்லை. ஊரில் உற்றாரும் சுற்றத்தாரும் சூழ வாழ்பவர் அக்கணக்கைப் பாராதிருந்தாலும் தீங்கில்லை. அயலூரில் வாழும் நமக்கு அதனைப் புறக்கணிக்கும் வசதி இல்லை.

2020 மார்ச்சு 25ஆம் நாள் முதல் நாடு முழுவதும் ஊரடங்கு வந்ததை எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். தொடர்வண்டி நின்றது, ஊரிலிருந்து வரும் பொருள் நின்றது. பேரங்காடிகளின் வாயிலில் நீண்ட வரிசை. கைப்பேசியில் கேட்ட பொருள் என்று வரும் என்று தெரியவில்லை. அந்நாட்களில் எத்தனையோ தெருக்களில் பாதிக் கதவைத் திறந்து வைத்து, அறிந்த வீடுகளுக்கு அரிசியும் பருப்பும் எடுத்துக் கொடுத்தவை சிறு கடைகளே. கையில் பணமில்லாதோர்க்குப் பற்றில் எழுதிக்கொண்டு கொடுத்த கடைகளும் பல. அப்பற்றேடு நம்பிக்கையின் ஏடு. அதில் நம் பெயர் இருக்க வேண்டுமானால், நல்ல காலத்திலும் நாம் அக்கடைப் படியேறியிருக்க வேண்டும். பொருளெல்லாம் வேறிடத்தில் வாங்கிவிட்டு, அவசரத்திற்கு ஒரு தீப்பெட்டிக்காக மட்டும் அங்கே செல்பவரை அக்கடைக்காரர் எவ்வாறு நினைவில் வைப்பார்? சிறு கடை தானாகவே நிலைத்து நிற்கும் என்று எண்ணுவதும் தவறு. பெருங்கடைகளே சாய்கின்றன. நாடெங்கும் கிளை பரப்பிய ஓர் அங்காடித் தொடரின் பற்பல கிளைகள் 2022இல் மூடப்பட்டதைக் கண்டோம். வாங்குவோர் விலகினால் சிறு கடை ஓசையின்றி மூடப்படும். அதனைச் செய்தித்தாளும் எழுதாது.

மற்றொன்றும் எண்ணிப் பாருங்கள். நம்மில் பலர் வயது முதிர்ந்த பெற்றோரை ஊரிலிருந்து அழைத்து வந்து உடன் வைத்திருக்கிறோம். அவர்கட்கு இந்தியும் மராத்தியும் தெரியா. மகனும் மருமகளும் பணிக்குச் சென்றபின், நான்கு சுவர்களுக்கிடையே பகற்பொழுது முழுவதும் தனிமை. அவர்கள் கைத்தடி ஊன்றித் தெருமுனைக் கடைவரை நடந்து, சைகையாலேயே கால் கிலோ வெல்லம் வாங்கி, கடைக்காரர் 'அம்மா, நலமா?' என்று அரைகுறைத் தமிழில் கேட்க, முகம் மலர்ந்து திரும்பும் காட்சி நம் தெருக்களில் உண்டு. எல்லாப் பொருளும் வாயிலுக்கே வந்துவிடுமானால் அந்நடையும் இல்லை, அப்பேச்சும் இல்லை. நாம் மிச்சப்படுத்தும் பத்து ரூபாய்க்கு அவர்கள் கொடுக்கும் விலை இது.

நம் பெண்மணிகள் இந்நாட்டு மொழியைக் கற்றதும் கடைத்தெருவில்தான். ஓமத்தை 'ஓவா' என்றும், கடுகை 'மோஹரி' என்றும், வேர்க்கடலையைச் 'சேங்கதாணா' என்றும், கேழ்வரகை 'நாச்ணி' என்றும், தட்டைப்பயற்றைச் 'சவளி' என்றும் கற்பித்த ஆசிரியர் யார்? கூலி பெறாத அந்தக் கடைக்காரரே. நாள்தோறும் ஐந்து நிமிடம் நடந்த பள்ளி அது. இன்று புதிதாக வரும் இளங்குடும்பத்தினர் பத்தாண்டு வாழ்ந்தும் இந்நகர மக்களிடம் பத்து வாக்கியம் பேசாதிருக்கக் கூடும். வாடகை வீட்டில் இருப்பவர் போல் நகரத்திலும் வாடகைக்கு இருப்பவராகவே அவர்கள் நின்றுவிடுவர்.

ஆகவே என் முடிபு இது. எல்லாவற்றுக்கும் ஒரே கடை என்னும் எண்ணத்தை விடுவோம். ஆண்டுக்குரிய தானியமும் பருப்பும் இத்வாரியில் கூட்டாக வாங்குவோம். காய்கறிக்குச் சந்தைக்குச் செல்வோம். பொட்டலப் பண்டங்களை மாதம் ஒருமுறை பேரங்காடியில் விலை ஒப்பிட்டு வாங்குவோம். நம் நாட்டிற்கே உரிய பொருளை நம்மவர் கடையில் வாங்குவோம். நோய்க்கும் அவசரத்திற்கும் கைப்பேசியை வைத்துக்கொள்வோம். அன்றாடத் தேவையில் ஒரு பங்கை, சில ரூபாய் மிகுதியானாலும், தெருமுனைக் கடைக்கென்று ஒதுக்குவோம். அந்தச் சில ரூபாயை வீண் செலவென்று எழுத வேண்டாம். அயலூரில் ஓர் அயலாரைத் தேடிக்கொள்வதற்கான செலவென்று எழுதுவோம். வருவாய் குறைந்து ஒவ்வொரு ரூபாயையும் எண்ண வேண்டியவர்க்கு இவ்விதி பொருந்தாது; அவர்கள் மலிந்த இடத்தில் வாங்குவதே நேரிது. வசதியுடையோர்க்கே இதனைச் சொல்கிறேன்.

இறுதியாகச் சங்கத்திற்கு மூன்று வேண்டுகோள்கள். கூட்டாக வாங்குவது நமக்குப் புதிய கலையன்று. இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் 28 தொழிலாளர் ஒன்றுகூடி 1844ஆம் ஆண்டு டிசம்பரில் வெண்ணெயும் சருக்கரையும் மாவும் வைத்து ஒரு சிறு கடை திறந்தனர். அவ்வழியைப் பின்பற்றிச் சென்னைத் திருவல்லிக்கேணியில் 1904இல் நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. நாம் கடை திறக்க வேண்டுவதில்லை. ஆண்டுக்கு இருமுறை, துவரை வரும் தை மாதத்திலும் கோதுமை வரும் பங்குனியிலும், உறுப்பினர்களின் தேவையைத் திரட்டி ஒரே வண்டியில் கொண்டுவர ஏற்பாடு செய்தால் போதும். இது முதலாவது வேண்டுகோள்.

இரண்டாவது, தமிழ், இந்தி, மராத்தி ஆகிய மும்மொழிகளிலும் மளிகைப் பொருள்களின் பெயர் எழுதிய ஒரு தாளை அச்சிட்டுப் புதிதாக வரும் ஒவ்வொரு குடும்பத்திற்கும் கொடுக்க வேண்டும். செலவு மிகச் சிறிது, பயனோ பெரிது. மூன்றாவது, வந்த முதல் மாதத்தில் அக்குடும்பத்தாரை நம் மகளிர் ஒருவர் கடைத்தெருவிற்கு உடன் அழைத்துச் சென்று, 'இவர்கள் எங்களைச் சேர்ந்தவர்கள்' என்று கடைக்காரர்க்கு அறிமுகம் செய்துவைக்க வேண்டும். ஊரில் பாட்டனார் பெயர் செய்த வேலையை இங்கே சங்கத்தின் பெயர் செய்யட்டும்.

நேரம் நீண்டுவிட்டது. பக்கத்துக் கூடத்தில் விருந்து காத்திருக்கின்றது. அதற்கு அரிசியும் பருப்பும் எங்கே வாங்கினார்கள் என்பதை உண்ணும்போது சமையற் குழுவினரிடம் கேட்டறியுங்கள். நான் சொன்னதைவிடப் பயனுள்ள செய்தி அவர்களிடம் இருக்கும்.